போல்ட்டின் மேல் இரண்டு மஞ்சள்

இஞ்சின் என்று ஒன்று இருந்தால் அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அம்மணி. சுத்தமாக ஆடவே கூடாது என்றால் அணைத்து வைத்துவிட வேண்டியதுதான். வண்டி வாங்க வருகிறவர்களை முதல் நாளே உட்காரவைத்து இந்த ஒரு விஷயத்தை உங்கள் ஆட்கள் சொல்லிவிட்டால், பாதிப் பேர் சர்வீஸுக்கே வரமாட்டார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இஞ்சினைப் பிடித்திருக்கும் அந்த போல்ட்டைக் கழற்றியது நான்தான்.

இந்த வண்டி உங்கள் நாமக்கல் ஷோரூமுக்கு வருவது இது நான்காவது முறை. மூன்று முறையும் உங்கள் பையன்கள் லேப்டாப்பைச் செருகிப் பார்த்து, எரர் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்று சர்வீஸுக்காக வரவில்லை, விற்கத்தான் வந்திருக்கிறோம். விலை சொல்வதற்கு முன் வண்டியைச் சோதிக்க நீங்கள் வந்தீர்கள். லேப்டாப்பைத் திறக்காமல் டார்ச் அடித்துக் கையை உள்ளே விட்டீர்கள். அப்போதே எனக்கு உங்கள் மேல் மரியாதை வந்துவிட்டது. கம்பெனியில் போல்ட்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து கீழே உள்ள தகடு வரைக்கும் ஒரே மஞ்சள் கோடாக இழுத்திருப்பார்கள். யாராவது கழற்றித் திரும்ப மாட்டினால் கோடு ஒரு கடுகளவாவது விலகி நிற்கும். அந்த விலகலின் மேல் நான் லாரி பாடிக்கு அடிக்கிற மஞ்சள் பெயிண்டைத் தொட்டு வைத்தேன். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள்தான். நீங்கள் ஆறு அங்குலத்தில் பார்த்தீர்கள்.

"இத யாருங்க கழட்டுனது?" என்றீர்கள்.

மூன்று மாதத்தில் இந்த வண்டியைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் சரியான கேள்வி அது. அதற்குப் போய்ப் பொய் சொன்னால் நான் படித்த தொழிலுக்கு அவமானம்.

என் பெயர் குழந்தைவேல். திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டிகளில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். மத்தியப் பிரதேசத்தில், ஒடிசாவில், ஆள் நடமாட்டமில்லாத காட்டில் நின்றுபோன கம்ப்ரஸரையெல்லாம் கிளப்பியிருக்கிறேன். இப்போது பரமத்தி வேலூரில் சும்மா இருக்கிறேன். அதோ, கண்ணாடிக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நிற்கிறவர் சின்னுசாமி. என் தங்கை பாவாயியின் வீட்டுக்காரர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார், பாருங்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய டெம்போவைத் தள்ளிவிட்டு இந்தப் பிக்கப்பை வாங்கும்போது மாப்பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இருப்பது அவருடைய பின்வீட்டில். நடுவில் ஒரு முருங்கை மரம் மட்டும்தான். துணைக்கு அவர் கூட்டிப்போனது வெங்கடாசலம் வாத்தியாரை. வாத்தியார் தமிழ் இலக்கணத்தில் கெட்டிக்காரர். சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட ஆள் கூப்பிடுவார். அவர் இந்த வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, வெள்ளை வேண்டாம், அழுக்குத் தெரியும் என்று சொன்னாராம். அவர் சொன்ன யோசனை மொத்தமே அவ்வளவுதான்.

எனக்குக் கோபமில்லை. தெரிந்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெரியாதவரை ஒருவர் கேட்கிறார் என்றால், அவருக்கு ஏதோ ஒன்று விளங்கவில்லை என்றுதான் அர்த்தம். விளங்க வைப்பது என் சுபாவம்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இஞ்சின் சேசிஸ் மேல், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின் மேல், நேராக உட்காருவதில்லை. நடுவில் ரப்பர் இருக்கிறது. இஞ்சின் உதறுகிற உதறலை அந்த ரப்பர் வாங்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஓடும்போது இஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் ஒரு உதறலும் அடுத்த உதறலும் ஒட்டிக்கொண்டு வழவழவென்று ஆகிவிடும். வண்டியை நிறுத்தி இஞ்சினை மட்டும் ஓடவிட்டு ஐட்லிங்கில் வைத்தால்தான் ஒவ்வொரு உதறலும் தனித்தனியாகத் தெரியும். அந்த நேரத்தில் ரப்பரை இறுக்கிப் பிடிக்கிற மவுண்டிங் போல்ட் அரைச் சுற்று தளர்ந்திருந்தால் போதும். ஸ்டீரிங் நடுங்கும், சீட் நடுங்கும், உட்கார்ந்திருப்பவர் பல் நடுங்கும். இஞ்சின் கெட்டுப்போய்விட்டது என்றே தோன்றும். உண்மையில் இஞ்சினுக்கு ஒரு குறையும் இருக்காது. இஞ்சினை நான் தொடவே இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விடிகாலையில் மாப்பிள்ளை மொபெட்டில் கொடிக்காலுக்குப் போய்விடுவார். வெற்றிலையைச் சந்தைக்கு ஏற்றப் பத்து மணிக்குத்தான் பிக்கப் கிளம்பும். எனக்கு வேண்டியது ஐந்து நிமிடம். வண்டி வந்த ஒன்பதாம் நாள் காலையில் அரைச் சுற்றுத் தளர்த்தினேன். மத்தியானத்துக்குள் முருங்கை மரத்தைத் தாண்டி வந்து கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

கேட்கவில்லை. ஷோரூமுக்குப் போன் போட்டார். ஓட ஓட செட்டாகிவிடும் என்றார்கள். வாத்தியார் யூடியூப் பார்த்து டீசலில் கலக்க ஒரு பாட்டில் வாங்கித் தந்தார். முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். தெற்கே பார்த்து நின்ற வண்டியைக் கிழக்கே பார்த்து நிறுத்தினார்கள். கடைசியில் மாப்பிள்ளை பாவாயியின் இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துச் சீட்டில் போட்டு உட்கார்ந்தார். அது மட்டும் கொஞ்சம் பலன் தந்தது. ரப்பர் செய்கிற வேலையைத்தான் தலையணையும் செய்கிறது என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. யாரும் கேட்கவில்லை.

தலையணை போன பிறகுதான் பாவாயி வாயைத் திறந்தாள். அவள் குரல் முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்.

"எங்கண்ணன் முப்பது வருசம் போர் வண்டிக்கு வைத்தியம் பாத்துப்போட்டுப் பின்னால ஊட்டுல குந்தியிருக்கறாரு. நீங்க தலகாணியத் தூக்கீட்டுத் திரியறீங்க."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். வாசலில் நின்று, மச்சான், நேரமிருந்தா கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க என்றார். எனக்கு நேரம் இருந்தது.

நான் நேராக பானட்டைத் திறக்கவில்லை. அவரை உட்காரவைத்து ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் என் போனை வைத்து, அவரை விட்டே எனக்குப் போன் போடச் சொன்னேன். போன் அதிர்ந்ததும் தட்டு வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி உறுமியது. பிறகு போனுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து மறுபடியும் போடச் சொன்னேன். போன் அதே மாதிரி அதிர்ந்தது, தட்டு வாயை மூடிக்கொண்டது. போன்தான் இஞ்சின், தட்டுதான் வண்டி, துண்டுதான் ரப்பர் என்றேன்.

"அட, இவ்ளோதானுங்களா மச்சான்" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மனிதருக்கு ஒன்று விளங்குகிற நேரத்தில் முகத்தில் ஒரு விளக்கு எரியும். எனக்கு அதைவிட வேறு எதிலும் ஆசையில்லை.

அவரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு போல்ட்டை முறுக்கினேன். ரப்பர் சரியாக உட்காரவில்லை, உட்காரவைத்துவிட்டேன் என்று சொன்னேன். அடுத்த நாள் மஞ்சளும் வைத்தேன். அதற்குப் பிறகு பதினோரு நாள் தினமும் வந்தார். பிளக் இல்லாமல் டீசல் எப்படித் தீப்பிடிக்கிறது, டர்போ ஏன் விசில் அடிக்கிறது என்று கேட்டார். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. வண்டி நன்றாக ஓடியது. நன்றாக ஓடுகிற வண்டியைப் பற்றிக் கேட்க ஒருவருக்கு என்ன இருக்கிறது? வீட்டைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான்.

இதைத்தான் அடுத்து வைத்தேன். கைவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை. இதோ, மேஜையில் வைக்கிறேன், எடுத்துப் பாருங்கள். ரப்பருக்குப் பக்கத்தில் இஞ்சின் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் செருகினால், ரப்பர் இருந்தும் இல்லாத மாதிரிதான். செருக ஒரு நிமிடம், எடுக்க அரை நிமிடம். போல்ட்டைத் தொட வேண்டியதில்லை. சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது, நேர்த்தியான வேலை.

இந்தத் தடவை நேராக என்னிடம்தான் வருவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். வெளியாள் என்பது நான். அதனால் மாப்பிள்ளை வண்டியை இங்கே கொண்டுவந்தார். கொண்டுவருகிற அன்று காலையில் பட்டையை எடுத்துவிட்டேன். நீங்கள் யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இங்கே வந்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தால்தானே அவர் என்னிடம் வருவார்.

முதல் தடவை சிரித்துக்கொண்டே திரும்பினார். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுகிற மாதிரி, நாமக்கல்லுக்குக் கிளம்பியதுமே ஆட்டம் நின்றுவிடுகிறது என்றார். இரண்டு நாள் விட்டு மறுபடி செருகினேன். இரண்டாம் தடவை சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் தடவை உங்கள் பையன் ஒருவன், வண்டியில ஒன்னும் இல்லீங்க, உங்களுக்குத்தான் அப்படித் தோணுது என்று சொல்லிவிட்டான். மாப்பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இது நான் எதிர்பார்க்காதது. வண்டியிலும் குறையில்லை, வந்து பார்த்தவர்களிடமும் குறையில்லை என்றால், குறை தன்னிடம்தான் என்று ஒரு மனிதர் முடிவு செய்வார் என்பது எனக்குத் தோன்றவில்லை. இஞ்சின் அப்படி நினைக்காது.

அதற்கு நாலு நாள் கழித்து, வண்டியை வாசலில் ஐட்லிங்கில் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். இந்த முறை வாத்தியாரைக் கூப்பிடவில்லை.

"மச்சான், இந்த ஸ்டீரிங்கக் கொஞ்சம் புடிச்சுப் பாருங்க. இது ஆடுதுங்களா, இல்ல, என்ற கைதான் ஆடுதுங்களா?"

பிடித்துப் பார்த்தேன். பட்டை உள்ளே இருந்தது. ஸ்டீரிங் என் உள்ளங்கையில் மாவு மில் மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஒன்னும் ஆடலீங்களே மாப்ள" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? ஆடுகிறது என்றால் பானட்டைத் திறக்கச் சொல்வார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது திறந்தால் பட்டை கண்ணில் படும். ஆகவே அது அன்றைய சூழ்நிலைக்குச் சரியான பதில். இந்த மூன்று மாதத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ரப்பரைப் பற்றிச் சொன்னதைச் சேர்த்தால் இரண்டு.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. வண்டியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு உடம்பைப் பற்றிக் கேட்டார். நரம்பு என்பது ஒயரிங் மாதிரிதான், எங்காவது தேய்ந்திருந்தால் கரண்ட் விட்டுவிட்டு வரும் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். சேலத்தில் பெரிய டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அவரும் ஒன்றுமில்லை என்றார். அவரும் லேப்டாப் ஆள்தான். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் மாப்பிள்ளை கேட்டார். சில கோளாறு அப்படித்தான், சோதிக்கும்போது ஒளிந்துகொள்ளும் என்றேன். பொதுவாகச் சொன்னால் அது உண்மைதான். உங்களுக்கே தெரியும்.

இப்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை. இன்றுகூட ஓட்டிவந்தது நான்தான். நூறு வெற்றிலையைக் காம்பு பார்த்து அடுக்கினால் ஒரு கவுளி. அவர் பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே அடுக்குவார். போன மாதத்திலிருந்து பாவாயிதான் அடுக்குகிறாள். அவர் அடுக்கினால் நுனி ஒன்றுக்கொன்று சேரவில்லை என்று சந்தையில் திருப்பிவிட்டார்கள். கொடிக்காலைக் குத்தகைக்கு விடப்போகிறார், வண்டியை விற்கப்போகிறார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதாகிறது, ஓய்வாக இருக்கட்டும். சாயங்காலத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் படித்தவர், அதனால் கேட்கிறேன். காரணத்தை எடுத்துவிட்டால் அதிர்வு நிற்க வேண்டும், அதுதான் விதி. பட்டை நான்கு நாளாக வண்டியில் இல்லை. வண்டி மலை மாதிரி நிற்கிறது. அவர் கை மட்டும் நிற்கவில்லை. அதில் நான் எதையும் செருகவில்லையே.

சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவரு உள்ள வர்றதுக்குள்ள நீங்களே சொல்லிப்போடுங்க, இல்லீனா நான் சொல்லுவேன்" என்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம், அம்மணி. நீங்கள் சொன்னால் பாதியிலிருந்து ஆரம்பிப்பீர்கள், அவருக்கு விளங்காது. ரப்பரிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. அவர் கேட்கட்டும், ஒன்று விடாமல் சொல்கிறேன். எதையும் ஒளித்து வைக்கிற ஆள் நான் இல்லை.

கிளாஸை வைத்துவிட்டார். ரோட்டைத் தாண்டி வருகிறார். அந்த விற்பனைப் படிவத்தை எதற்கு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறீர்கள்? உள்ளே வந்ததும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் என்னைக் கேட்பார். கேட்டதற்குத்தானே பதில் சொல்ல முடியும்.