ரூஃபஸ் பௌடனோடு நின்றவர்கள்

ஹார்லன்போர்ட் மாவட்டச் சிறையின் இரண்டாம் தள அறையில், பரோல் ரத்து விசாரணையின்போது, விசாரணை அதிகாரி திருமதி கெஸ்லர் முன்னிலையில் சத்தியம் செய்து சாட்சி சொன்னபடி பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் வெர்னெட்டா பௌடன். வயது ஐம்பத்திரண்டு. ஹார்லன்போர்ட் நகரம், கிழக்குப் பகுதி, டெல்வுட் தெரு, 412ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. இனம் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே கறுப்பினம் என்று எழுதிக்கொண்டார்கள். தப்பில்லை, இருக்கட்டும். பரோலில் வெளியே வந்து இப்போது மறுபடியும் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் ரூஃபஸ் பௌடன் என் கூடப்பிறந்த தம்பி. இந்த அறையில், கையில் விலங்கோடு, எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

இருபது வயதில் என் தம்பி ஒரு கடைக் கொள்ளைக்குக் கார் ஓட்டிப் போனான். உள்ளே போனவன் சுட்டதில் கடைக்காரர் இறந்தார். காருக்குள் இருந்தவனுக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். கடைக்காரருக்காக நாங்கள் இன்றைக்கும் சர்ச்சில் ஜெபிக்கிறோம், அந்தக் கணக்கை நான் குறைத்துப் பேச வரவில்லை. அவன் இருபத்தைந்து வருடம் உள்ளே இருந்தான். அதன்பிறகு, நிபந்தனைகளை மீறினால் மிச்ச ஆயுளும் உள்ளேதான் என்று எழுதி வாங்கிக்கொண்டு, போன மார்ச் மாதம் பரோலில் விட்டார்கள்.

அவர்களாக மனமிரங்கி விடவில்லை. 'வீட்டுக்கு அனுப்பு' என்று ஒரு குழு நடத்துகிறோம். செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடுவோம். மனு எழுதுவது, பரோல் வாரியத்துக்கு விடாமல் போன் போடுவது, பனியில் வாரியத்தின் கட்டடத்துக்கு முன்னால் போய் நிற்பது, இதுதான் வேலை. ஒரே குற்றத்துக்கு வெள்ளைக்காரப் பையன் பத்து வருடத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறான், எங்கள் பையன் தலை நரைத்து வருகிறான் என்பதை நாங்கள் சொல்லாத இடமில்லை. குழுவில் பாதிப் பேர் உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள். வெளியே வந்தவர்களுக்குத்தானே உள்ளே இருப்பவன்மேல் அக்கறை இருக்கும்? எல்லாரும் சேர்ந்து இழுத்துத்தான் என் தம்பியை வெளியே கொண்டுவந்தோம்.

வந்தானா, நான்காவது நிபந்தனை என்ன சொல்கிறது? அனுமதி இல்லாமல், தண்டனை பெற்ற எவரோடும் பழகக்கூடாது. அதாவது யார் யார் அவனை வெளியே கொண்டுவந்தார்களோ அவர்கள் முகத்தில் அவன் விழிக்கக்கூடாது. அவன் வந்த அன்றைக்கு நாற்பது பேருக்கு விருந்து என்று முன்பே பேசி வைத்திருந்தோம். என்ன நடந்தது தெரியுமா? மக்ரோனி, கீரை, சோளரொட்டி என்று ஒவ்வொருவராக வந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் குழுவின் சட்டைகளை அச்சடிக்கும் ஒடெல், தம் வேன் நிறையப் பன்றி விலா சுட்டுக் கொண்டுவந்தார். அவரும் உள்ளே இருந்து வந்தவர் என்பதால் படியில் இறக்கி வைத்துவிட்டு, தெருவில் நின்று ஹார்ன் அடித்துக் கையை ஆட்டினார். என் தம்பி ஜன்னல் வலைக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினான். உள்ளே தம்பி, நான், என் மகள் என்று மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். மிச்சத்தை ஒரு வாரம் சாப்பிட்டோம்.

இந்த இடத்தில் அதிகாரி, நடந்ததை மட்டும் சுருக்கமாகச் சொல்லுமாறு கூறினார். சுருக்கித்தான் சொல்கிறேன் என்று பதில் சொன்னேன்.

அதன்பிறகு எட்டு மாதமும் அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் நடந்தான். டயர் கடையில் வேலை, விட்டால் வீடு. செவ்வாய்க்கிழமை சர்ச் பக்கமே வரமாட்டான். ஆனால் புதன்கிழமை தோறும் பரோல் அலுவலகமே நடத்தும் திருந்தும் வகுப்புக்குப் போயே ஆகவேண்டும். அங்கே தண்டனை பெற்ற பதினைந்து பேரை வட்டமாக உட்காரவைத்து, ஒருவர் கதையை ஒருவர் கேட்டுக் கைதட்டச் சொல்கிறார்கள். அது பழக்கமில்லையாம். இதைப் பற்றிப் பரோல் அலுவலர் ஹேன்லனிடம் ஒருமுறை கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் கிரேன் தெரு ஆரம்பப் பள்ளியை மூடப்போவதாகக் கல்வி வாரியம் அறிவித்தது. பிள்ளைகள் குறைவாம், கட்டடம் பழசாம். எங்கள் பிள்ளைகள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகவேண்டுமாம். ஏரிக்கரைப் பக்கத்து வெள்ளைக்காரப் பள்ளியிலும் பிள்ளைகள் குறைவுதான், கட்டடமும் அதே வயசுதான், அதற்குப் புதுக்கூரை போட்டார்கள். பள்ளிக்காகவும் எங்கள் குழுதான் இறங்கியது. ஜெயிலுக்கும் பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று திரு. ஹேன்லன் சற்றுமுன் கேட்டார். எங்கள் தெருவில் குடியிருந்து பார்த்தால் கேட்கமாட்டார்.

இப்போது சட்டை விஷயம். வழக்கே இதில்தான் நிற்கிறது என்பதால் விவரமாகச் சொல்கிறேன். தம்பிக்காக ஒடெல் பொத்தான் இல்லாத டீ-ஷர்ட் சட்டைகள் அடித்திருந்தார். முன்பக்கம் தம்பியின் முகம், அதன் கீழே 'ரூஃபஸை வீட்டுக்கு அனுப்பு'. பரோல் எதிர்பாராமல் சீக்கிரம் கிடைத்ததால் பெட்டி பெட்டியாக மிஞ்சிவிட்டன. நல்ல பருத்திச் சட்டை. தூக்கியா எறிவது? வெறுமையாக இருந்த முதுகுப் பக்கத்தில் 'கிரேன் தெருப் பள்ளியை மூடாதே' என்று அடித்து, முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது நான்தான். ஒடெல், "சிஸ்டர், திருப்பிப் போட்டா கழுத்தை அறுக்குமே" என்று இழுத்தார். "ரெண்டு மணி நேரம் தாங்கமாட்டீங்களா, கல்யாணமா பண்ணிக்கப் போறீங்க?" என்று அவர் வாயை அடைத்தேன்.

மூடுவது பற்றிக் கல்வி வாரியம் கூட்டிய கூட்டம் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. எல்லாருக்கும் பொதுவான கூட்டம். தான் படித்த பள்ளி என்பதால் தம்பி பேச ஆசைப்பட்டான். போகலாமா என்று கேட்டுத் திரு. ஹேன்லனின் போனில் தகவல் விட்டான், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். யாரும் திருப்பி அழைக்கவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, எங்களோடு ஒட்டாமல், முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தான்.

குளிருக்குக் கூடத்தைச் சூடேற்றும் அந்தப் பள்ளியின் கொதிகலன், ஒன்று அணைந்தே கிடக்கும், இல்லாவிட்டால் ஆளை அவிக்கும். அன்றைக்கு அவித்தது. முதலில் கோட்டுகளைக் கழற்றினார்கள். அதன்பிறகு கழுத்தைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். அதன்பிறகு ஒவ்வொருவராகக் கழிப்பறைக்குப் போய்ச் சட்டையை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் மைக்குக்குப் பெயர் கொடுக்கும் வரிசையில் நின்றதால் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது கூடம் முழுக்க என் தம்பியின் முகம். தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்தைச் சட்டையில் போடுவது பெரும்பாலும் அவரைப் புதைக்கிற அன்றைக்குத்தான். என்னைப் பார்த்து மெதுவாக, "அக்கா, நான் செத்துட்டேனா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்த நேரத்தில் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவனுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. "நான் இருபத்தஞ்சு வருஷம் இருந்த கட்டடமும் பழசுதாங்க. கூரை ஒழுகும். அதை மூடலாமான்னு ஒரு தடவகூட யாரும் கூட்டம் போட்டதில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. ஒடெல் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். எட்டு மாதமாகத் தெருவில் நின்று கையாட்டிய மனிதர், பாவம், அவரால் தாங்க முடியவில்லை. பத்திரிகைக்காரர் அந்த நேரத்தில்தான் படம் எடுத்தார்.

படம் மறுநாள் வந்தது. அதற்கு அடுத்த நாள் தம்பி வழக்கம்போலப் பரோல் அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனான். நான் வெளியே காரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் கால் மணி நேரத்தில் வந்துவிடுவான். அன்றைக்கு வரவில்லை. அதன்பிறகு திரு. ஹேன்லன் வெளியே வந்து, அவனுடைய பெல்ட்டையும் ஷூ கயிற்றையும் போனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கார் ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். காரை எப்படி வீட்டுக்கு ஓட்டி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவன் மேல் எழுதியிருக்கும் குற்றச்சாட்டைத் தம்பியின் வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். தண்டனை பெற்ற ஆறு பேரோடு, ஒரே சீருடையில், தன்னைத் தலைவனாகக் கொண்ட ஓர் அமைப்பைத் திரட்டினான் என்று இருக்கிறது. தலைவனா? எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட அவன் கையில் நான் கொடுத்ததில்லை. சட்டை என் யோசனை. அடித்தவர் ஒடெல். திருப்பிப் போட வைத்தது கொதிகலன். இதில் என் தம்பி செய்தது ஒன்று உண்டென்றால், ஒருவர் கட்டிக்கொண்டபோது தள்ளிவிடாமல் நின்றது. அதற்கு மிச்ச ஆயுள் என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லித் தொலையுங்கள் என்று கேட்டேன். வார்த்தையை அளந்து பேசுமாறு அதிகாரி கூறினார். சரி என்றேன்.

அதன்பிறகு திருமதி கெஸ்லர் காகிதங்களைச் சிறிது நேரம் புரட்டிப் பார்த்தார். கூட்டம் பொதுக் கூட்டம் என்பதையும், அனுமதி கேட்டுத் தகவல் விட்டிருப்பதையும் தாம் கணக்கில் எடுத்துக்கொள்வதாகவும், தகுதியான வீடு இருந்தால் இவரை இன்றே அனுப்பத் தமக்குத் தடை இல்லை என்றும் கூறினார். எனக்கு மூச்சு வந்தது. அதன்பிறகு அவர் என்னைப் பார்த்து, வழக்கமாகக் கேட்பதுதான் என்று சொல்லி, டெல்வுட் தெரு 412இல் தண்டனை பெற்றவர் யாராவது வசிக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் இன்று இரவு வீட்டில் சாப்பிடுவான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சத்தியம் செய்திருக்கிறேன், தவிர இவர்கள் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தால் நாளைக்கே தெரிந்துவிடும், அப்போது பொய் சொன்ன வீட்டுக்கு அவனை ஒருநாளும் விடமாட்டார்கள்.

தம்பிக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று புரிந்துவிட்டது. "அக்கா, வேணாம்" என்றான்.

"நீ சும்மா இருடா" என்று சொல்லிவிட்டு, கீழ்க்கண்டவாறு பதில் சொன்னேன்.

வசிக்கிறார். நான்தான். என் மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கிரேன் தெருப் பள்ளியில் அந்த வருடம் மூன்றாம் வகுப்புக்கு வாத்தியாரே இல்லை. எங்கள் பகுதியின் எல்லைச் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் எல்லாம் இருந்தது, ஆனால் அங்கே குடியிருப்பவர்களின் பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்பார்கள். அங்கே குடியிருந்த என் அத்தை வீட்டு விலாசத்தைக் கொடுத்து மகளைச் சேர்த்தேன். அந்தப் பள்ளி ஆள் வைத்துக் காலையில் என் காரைப் பின்தொடர்ந்து படம் பிடித்தது. பொய் ஆவணம் கொடுத்ததாக வழக்குப் போட்டு, குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, என்னைப் பத்து நாள் இந்த ஜெயிலில்தான் வைத்திருந்தார்கள். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு எனக்கிருந்த உரிமத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால்தான் சலவையில் இருக்கிறேன். மகளைக் கிரேன் தெருப் பள்ளிக்கே திரும்ப அனுப்பினேன். இன்னொரு தாய் திருட்டுத்தனமாகச் சாலையைத் தாண்டவேண்டாம் என்றுதான் இன்றைக்கு இதை மூடாதே என்கிறேன்.

தம்பி வருவதற்கு முன் திரு. ஹேன்லன் என் வீட்டுக்கு வந்தார். கட்டிலைப் பார்த்தார், புகை அலாரத்தை அமுக்கிப் பார்த்தார், துப்பாக்கி உண்டா, நாய் உண்டா என்று கேட்டார். என்னைப் பற்றிக் கேட்கவில்லை. வீடு தகுதியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்த எட்டு மாதமும் தினமும் காலையில் என் தம்பிக்கு முட்டை பொரித்துக் கொடுத்தவள் தண்டனை பெற்றவள். அது பழக்கம் என்றால் அவன் வந்த முதல் நாளே நிபந்தனையை மீறிவிட்டான், மீறச் சொன்னது பரோல் அலுவலகம்.

இதைக் கேட்டுத் திரு. ஹேன்லன் தம் கோப்பைப் புரட்டினார். வக்கீல் பேனாவை மூடிவைத்தார். தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதைச் சொன்னது அவனுக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அவன் யாரோடு பேசலாம் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள், அவரோடு மட்டும் பேசச் சொல்கிறேன் என்று திருமதி கெஸ்லரிடம் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தீர்ப்பைப் பிற்பகலுக்குத் தள்ளிவைப்பதாகக் கூறினார்.

மேலே எழுதியிருப்பது என் வாயால் வந்தது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. முழுக்கப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருந்தது. குற்றச்சாட்டில் அவனோடு நின்றவர்கள் ஆறு பேர் என்று இருந்தது தவறு என்று நான் சொன்னதன் பேரில், ஏழு என்று திருத்தப்பட்டது. ஏழாவதாக என் பெயரை எழுதியபிறகு கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) வெர்னெட்டா பௌடன்