தியோமாவின் கல்

இல்ல தம்பி, புரியுது. நல்லாவே புரியுது. இடுகாட்டுல அந்த இரும்பு வேலிக்குள்ள ரெண்டு இடம்தான். ஒண்ணுல சித்தப்பா படுத்திருக்காரு. இன்னொண்ணுல அவரு பையன் தியோமாவோட கல்லு. சித்திக்கு இடமில்ல, வேலிக்கு வெளிய ரோட்டோரமா புதைச்சுக்கலாம்ங்கறீங்க. சித்தப்பாவோட நினைவு இல்லத்துக்காரங்க முடிவு பண்ணி உங்கள அனுப்பிட்டாங்க, நீங்க என்ன செய்வீங்க பாவம். தொப்பியக் கழட்டிட்டு உக்காருங்க. டீ ஆறுது.

அய்யோ, அந்தக் கிளாஸ் வேணாம். மேல ரொட்டி வெச்சு மூடியிருக்கு பாருங்க, செத்தவங்களுக்கு வெக்கற வழக்கம், அது சித்திக்கு ஊத்தி வெச்சது. உங்களுக்கு வேற தரேன். வேணாமா? சரி.

சத்தமாவே பேசலாம். பக்கத்து ரூம்லதான் கிடத்தியிருக்கு, ஆனா உசுரோட இருந்தப்பவே அவங்களுக்குக் காது கேக்காது.

அழுகையா? இன்னும் வரல. விடிஞ்சதுலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். சாவு வீடுன்னு முகம் பாக்கற கண்ணாடியத் துணி போட்டு மூடினேன், விறகு பிளந்தேன், பூனைக்குப் பால் ஊத்தினேன். வரல. வரும்போது வரட்டும்.

கடைசியா என்ன சொன்னாங்கன்னா கேக்கறீங்க? வெளிய குளிருது, தியோமாவ ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லுன்னாங்க. சொல்றேன்னேன். அதுக்கு முந்தின வாரம் நல்லா நினைவா இருந்தப்போ ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. என்னை லூக்கா பக்கத்துல போட்டுடு, வேற எதுவும் வேணாம்னு. அதான் உங்கள உக்காத்தி வெச்சுப் பேசறேன்.

சித்தப்பாவப் பத்தி நான் என்ன சொல்ல? உங்களுக்கு அவரு பள்ளிக்கூடத்துப் பாடம். லூக்கா சவேலிச், செருப்புத் தைக்கறவர் மகன், படகுத்துறையில மூட்டை எண்ணிக்கிட்டே கதை எழுதினாரு, எல்லாம் படிச்சிருப்பீங்க. முதல் நாவலுக்கு மாஸ்கோவுல கூப்பிட்டுக் கை குலுக்கினாங்க. ரெண்டாவது நாவலைத் தடை பண்ணி, அச்சடிச்சதையெல்லாம் காகிதக் கூழாக்கிட்டு, அவரை வடக்க மரம் வெட்ட அனுப்பினாங்க. கை குலுக்கினவங்களேதான். பல்லெல்லாம் கொட்டித் திரும்பி வந்தாரு. வந்து ஒழுங்கா ஒரு சூப் குடிக்கல, யுத்தம் வந்துடுச்சு. எல்லாரையும் மாடுங்கள ஏத்தற மாதிரி ரயில்ல ஏத்தி யூரல் மலைப் பக்கம் அனுப்பினாங்க.

ஆமா, ‘கடைசிப் பெட்டி’ நாவல் அந்த ரயில்லதான் எழுதினாரு. தியோமா சாகற அத்தியாயத்துல நீங்களும் அழுதீங்களாக்கும்? அழாதவங்க இல்ல. டைப் அடிச்ச சித்தியே அழுவாங்க. திருத்தித் திருத்திக் குடுப்பாரு, இவங்க அடிச்சு முடிச்சு அழுதுட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போவாங்க.

ரயில்ல பையனுக்குக் காய்ச்சல், தொண்டை அடைச்சுக்கிச்சு. தலைய மடியில வெச்சுக்கிட்டு, முட்டியில அட்டையை வெச்சு எழுதினாராம். பையனுக்கு மூச்சு ஓடிக்கிட்டிருக்கும்போதே, நின்னு போச்சுன்னு எழுதிட்டாரு. என்ன மனுஷன்னு தோணுதா? எனக்கும் தோணும். அப்புறம் தோணாது. எழுதிட்டா நிஜத்துல சாவு வராதுன்னு நினைச்சாரோ என்னமோ. கேட்டதில்ல.

புத்தகம் வந்ததும் பொம்பளைங்க வர ஆரம்பிச்சாங்க. அதே மாதிரி ரயில்ல பிள்ளையப் பறிகொடுத்தவங்க. எந்த ஸ்டேஷன், எந்தப் பனிமேடு, ஒண்ணும் தெரியாது. ஈஸ்டருக்குக் கல்லறையில சாயம் போட்ட முட்டை வெக்கணும்னா வெக்க இடமில்ல. முதல்ல வந்தவ பெலகேயான்னு ஒருத்தி. வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டா, உங்க பையன் எங்க படுத்திருக்கான், ஒரு மிட்டாய் வெச்சுட்டுப் போறேன்னு. அவ்வளவு எழுதின மனுஷன் ஜன்னல் வழியா இடுகாட்டுப் பக்கம் கையக் காட்டினாரு, அந்த பிர்ச் மரத்தடியிலன்னு. நாங்க ஊருக்கு வந்து குடியேறி ஒரு மாசம் ஆகல, எங்களப் பத்தி யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த நேரம் பாத்து அடுப்படியிலேருந்து ஒரு பையன் வாய் நிறைய உருளைக்கிழங்கோட வந்து நின்னான். இது யாருன்னு கேட்டா. சித்திதான் சட்டுனு சொன்னாங்க, எங்க அக்கா மகன், வாஸ்யான்னு.

அடுத்த தரம் அவ நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்தா. காசு சேத்துக் கல்லு வெச்சாங்க. கல்லு வந்த பின்னாடி என்னத்தச் சொல்றது? இல்ல தாயி, எம்பிள்ளை பொழச்சிக்கிட்டான்னு அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியுமா? நீங்க சொல்லுவீங்களா?

ஆமா தம்பி. அந்த வாஸ்யா நான்தான். அதுக்கு முன்னாடி என்னை யாரும் வாஸ்யான்னு கூப்பிட்டதில்ல.

டீயக் குடிங்க. ஒண்ணும் பதற வேணாம். கல்லு மேல வெக்கற மிட்டாயெல்லாம் நானே எடுத்துத் தின்னவன்தான், எனக்குன்னு வெச்சதுதானே. ஆளில்லாதப்போ அம்மான்னு கூப்பிடலாம்னு ஆரம்பத்துல ஒரு ஏற்பாடு இருந்துச்சு. யாராவது கேட்டுடுவாங்கன்னு அதையும் விட்டாச்சு. இன்னைக்கு விடியக்காலையில கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்பவும் சித்தின்னுதான் வாயில வருது. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டேன். அத மட்டும் செஞ்சேன்.

கல்லை அசைக்க வேணாம்னு உங்க ஆபீஸ்ல சொல்லிடுங்க. அது அப்படியே இருக்கட்டும், பெலகேயா இன்னும் வரா, தடியூன்றிக்கிட்டு. கல்லுக்கு முன்னாடி தோண்டி அம்மாவ அதுல வெச்சிடலாம்.

குழி வெட்டறவங்க மண்வெட்டி மட்டும் எடுத்துட்டு வரப்போறாங்க, பழைய குழி, மண்ணு இளகியிருக்கும்னு. கடப்பாரையும் கொண்டுவரச் சொல்லுங்க. அந்த இடத்த இதுவரைக்கும் யாரும் தோண்டினதில்ல.