நடுவுல நான் ஒருத்தி

போன்ல வர்ற அந்த ஆப்பா? ஐயோ, அதுக்கு உங்க பசங்க தமிழே தெரியாம நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும். தலைய ஆட்டாதீங்கம்மா, ஹேர் டை காதுக்குள்ள வடியும்... ஆங், அப்படியே இருங்க. தமிழ் சொல்லிக் குடுக்குதாம், தமிழ். முதல் பாடம் என்னன்னு தெரியுமா? ‘ஆமை செய்தித்தாள் படிக்கிறது.’ சத்தியமா. பசிக்குது இல்ல, தண்ணி குடு இல்ல, எப்ப வருவேன்னு இல்ல. ஆமை. இத்தனை வயசுக்கு நான் எந்த ஆமையப் பத்தியும் யார்கிட்டயும் பேசினதில்லம்மா. என் பொண்ணு ஒரு வாரம் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சா. போன்ல கூப்பிட்டா ஆமை, வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டும்போதே ஆமை. சரிடி, அந்த ஆமை பேப்பர்ல என்னதான் படிச்சுதுன்னு கேட்டேன். அது அடுத்த லெவல்ல வருமாம்.

அதுல ஒரு அணில் வேற இருக்கு. கண்ணாடி போட்ட அணில். ஒரு நாள் பாடம் படிக்கலன்னா கண்ணாடியக் கழட்டிட்டு அழும். ‘என்னை மறந்துவிட்டாயா’ன்னு போனுக்கு மெசேஜ் வரும். இவ என்ன வேலையில இருந்தாலும் போட்டுட்டு ஓடுவா, அணில சமாதானம் பண்ண. பெத்தவ நானும்தான் அழுதிருக்கேன், எத்தனையோ தடவை. ஒரு பயலும் எட்டிப் பாக்கல. நானும் கண்ணாடி போட்டிருக்கணும் போல.

இந்தப் பக்கம் திரும்புங்க. இங்க நரை ஜாஸ்தி இருக்கு, நல்லா ஊறணும். எங்க விட்டேன்... ஆங், அப்புறம் நானே என் போன்ல அதப் போட்டுப் பாத்தேன். கத்துக்க இல்லம்மா, எனக்கென்ன கத்துக்க இருக்கு? அப்படி என்னதான் நடக்குது அதுக்குள்ளன்னு வேவு பாக்க. மைக்ல பேசுன்னுச்சு. பேசினேன். சிவப்பு கலர் வந்து ‘மீண்டும் முயற்சி செய்க’ன்னுச்சு. இன்னொரு தடவ சத்தமா பேசினேன். மறுபடியும் சிவப்பு. நான் பொறந்ததுலேருந்து வாய் ஓயாம பேசற பாஷைம்மா இது, என் வாய மூட முடியாதுன்னு ஊரே சொல்லும், என்னைப் போய் ஒரு அணில் ஃபெயிலாக்குது.

பொண்ணு என்ன பண்றான்னா? அதையும் கேட்டுட்டீங்களா... நாய்க்கு முடி வெட்டறா. சிரிங்க சிரிங்க, பரவால்ல, தலை மட்டும் ஆடாம சிரிங்க. நான் மனுஷங்களுக்கு வெட்டறேன், அவ நாய்ங்களுக்கு வெட்டறா, குடும்பத் தொழில் விரிவடையுது. பேங்க்ல ஏசி ரூம்ல உக்காந்திருந்தவ, வேலைய உதறிட்டு வந்து சொந்தமா ஒரு கடை போட்டா. ஷாம்பு, சீப்பு, நகவெட்டி, எல்லாம் நான் வாங்கறதவிட ஒசத்தியானது. அந்தக் கடையிலதான் தமிழ்ப் பேச்சுப் பழக்கம் நடக்குது. நாய மேஜை மேல ஏத்தி நிறுத்திட்டு ‘தயவுசெய்து அமருங்கள்’ங்கறா. அதுவும் உக்காருது. ‘உங்கள் காலைக் கொடுங்கள்’ங்கறா, குடுக்குது. அந்த நாய்ங்களுக்குக் கிடைக்கிற மரியாதை இந்த வீட்ல எனக்கு ஒரு நாளும் கிடைச்சதில்ல.

இந்த வேலையாலதான் அவங்கப்பாவுக்கும் அவளுக்கும் முட்டிக்கிச்சு. எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நாங்க பிழைக்க வந்த இந்த ஊர் பாஷைய அப்படிப் பேசுவாரு, கண்ண மூடிட்டுக் கேட்டா உள்ளூர்க்காரன்னுதான் நினைப்பீங்க. அப்பாவும் பொண்ணும் வீட்ல பேசினதே அந்த பாஷையிலதான், நானும் அவகிட்ட அதுலதான். சண்டை போட்டதும் அதுலதான். நாய் குளிப்பாட்டவா உன்னைப் படிக்க வெச்சேன்னாரு. நீ கடைக்கு வந்து பாத்துட்டுப் பேசு, இல்லன்னா பேசாதேன்னா இவ. அவர் போகல. இவளும் பேசல. ரெண்டும் ஒரே அச்சு, இறங்கி வராது.

அப்புறம்தான் அவருக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. வலது கை விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு பேசறாரு, எல்லாம் தமிழ். நர்ஸ்கிட்ட தமிழ், டாக்டர்கிட்ட தமிழ். இத்தனை வருஷமா பேசின இந்த ஊர் பாஷை வாயில வரவே இல்ல. யாராவது பேசினாலும் முகத்தையே பாத்துட்டு இருப்பாரு. சிலருக்கு அப்படி ஆகுமாம்மா, அப்புறமா வந்து சேர்ந்தது முதல்ல கிளம்பிப் போயிடுமாம். பொண்ணு ஓடி வந்தா. அவளுக்குத் தமிழ்ல அம்மா, அப்பா, போதும், இந்த மூணுதான் தெரியும். அதுல போதும்ங்கறது எனக்குன்னு கத்துக்கிட்டது.

ஆக, நடுவுல நான் ஒருத்தி. அவர் சொல்றத அவளுக்கு, அவ சொல்றத அவருக்கு. வாராவாரம் ஞாயித்துக்கிழமை, வீட்ல அவர் கட்டில் பக்கத்துல ஸ்டூலப் போட்டுக்கிட்டு. ஒரு நாள் லீவு உண்டா? ஒரு நன்றி உண்டா?

இருங்க, இந்தக் காது ஓரத்தத் தொடச்சு விடறேன்.

சொல்ற வேலை சும்மான்னு நினைக்காதீங்க. அதுக்கும் ஒரு கைப்பக்குவம் வேணும். ‘இன்னும் நாய்க்குத்தான் சேவகம் பண்ணிட்டிருக்காளா?’ன்னு கேப்பாரு. அத அப்படியே கொண்டு போய்க் குடுக்க முடியுமா, சொல்லுங்க? கடை நல்லா போகுதான்னு அப்பா விசாரிக்கறாருன்னு சொன்னேன். அவ, இப்ப மட்டும் எதுக்காம் அக்கறைன்னா. அப்பா வேளாவேளைக்கு சாப்பிடணும்னு சொல்றான்னு இவருக்கு சொன்னேன். பொய் இல்லம்மா, அந்த வார்த்தை வேணாம். உங்க முடிய நுனியில லேசா வெட்டி விட்டேன் இல்ல, அந்த மாதிரி. முடி உங்க முடிதானே.

போகப் போக எனக்கும் கை பழகிடுச்சு. அவர் பேசாம சுவரப் பாத்துட்டிருந்தாக்கூட, அப்பா உன்ன நினைச்சுட்டே இருக்காருன்னு சொல்லிடுவேன். அவ முகம் மலரும். மலர்ந்த முகத்தப் பாத்து இவரும் கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவாரு. அடடா, நல்லா வேலை செய்யுதேன்னு இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை வாய் நிக்காம, உன் கடைய ஒரு தடவ வந்து பாக்கணும்னு அப்பா ஆசைப்படறாருன்னு சொல்லிட்டேன்.

அவ்வளவுதான். அவ கண்ணுல தண்ணி. மறுநாளே அந்த ஆப்ப ஏத்திட்டா.

ஆமாம்மா. அந்த அணில வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்ததே நான்தான். என்ன ஏன் அப்படிப் பாக்கறீங்க? அப்பா இவ்வளவு பாசமா பேசறாரு, நான் நேரா கேக்கணும், நேரா பதில் சொல்லணும்னு அவ ஆரம்பிச்சா, நான் எப்படி வேணாம்னு சொல்றது? சொல்லித்தான் பாத்தேன். உனக்கு எதுக்குடி கஷ்டம், நான் இருக்கேனேன்னேன். கேக்கல. மாசம் ஆக ஆக, நான் சொல்லும்போது என் வாயையே உத்துப் பாக்க ஆரம்பிச்சா. அவர் நாலு வார்த்தை சொல்லி நான் நாப்பது வார்த்தை சொன்னா, ‘அம்மா, அவ்வளவா சொன்னாரு?’ங்கறா. தமிழ் ரொம்ப சுருக்கமான பாஷைடின்னு சமாளிச்சேன்.

போன ஞாயித்துக்கிழமை வந்தா. என்னை ஸ்டூல விட்டு எழுப்பிட்டு அவ உக்காந்தா. ‘அம்மா, பேசாதே’ன்னா. தமிழ்லயே. அவர் கையப் புடிச்சுக்கிட்டு, மனப்பாடம் பண்ணினத ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வைக்கறா: “அப்பா, நீங்கள் என் கடையைப் பார்க்க விரும்புகிறேன் என்று சொன்னீர்களா?”

நான் எப்ப சொன்னேன்னு அவர் ஒரு வார்த்தை கேட்டா போதும், முடிஞ்சுது. அது மட்டுமா, இத்தனை நாள் நான் சொன்னது எல்லாமே பொய்யாயிடும். திரும்பவும் அவ வாசல்படி மிதிக்க மாட்டா. என்னையும் சேத்துத் தலை முழுகிடுவா. கதவு நிலையப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். அவர் மெதுவா தலையத் திருப்பி என்னைப் பாத்தாரு. நல்லா பாத்தாரும்மா. அப்புறம் அவ பக்கம் திரும்பி, “ஆமா, சொன்னேன்”னாரு.

பொண்ணு கிளம்பினதும் நான் போய் அந்த ஸ்டூல்ல உக்காந்தேன். என்னய்யா, நீங்க எங்க சொன்னீங்கன்னு கேட்டேன். அப்ப சொல்றாரு, இந்த ஊர் பாஷை அவருக்குக் காதுல எப்பவோ திரும்பி வந்துடுச்சாம். வாயிலதான் இன்னும் வரலயாம். அவ சொன்னதும் கேட்டிருக்கு, அத நான் மாத்தினதும் கேட்டிருக்கு, அவர் சொன்னத நான் அவகிட்ட என்னவா சொன்னேன்கறதும் கேட்டிருக்கு. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி சுவரப் பாத்துட்டுப் படுத்திருக்காரு மனுஷன். எனக்கு வந்த கோவத்துக்கு... அப்ப ஏன்யா ஒரு வார்த்தை சொல்லலன்னு கேட்டேன்.

“அவ சொன்னது புரிஞ்சுது. நீ சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு”ன்னாரு.

போய் டீ போட்டுட்டு வந்தேன்.

இன்னைக்கு அவர கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. இப்ப அங்கதான் இருக்காங்க. எனக்கு அழைப்பு இல்ல. நீ வந்தா நீயே பேசிட்டு இருப்பம்மா, நாங்க ரெண்டு பேரும் போறோம்னுட்டா. காலையில வாசல்ல நின்னு, குச்சிய ஊனிக்கிட்டு, அவளப் பாத்து ‘எதாவது நாய் என்னைக் கடிச்சுது, உன்ன உரிச்சுடுவேன்’னாரு. நான் பழக்க தோஷத்துல, அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்னு சொல்ல வாயத் தொறந்தேன். அவ கையக் காட்டி நிறுத்திட்டா. ‘புரிஞ்சுதும்மா’ன்னா. அப்புறம் விழுந்து விழுந்து சிரிக்கறா. அவரும் சிரிக்கறாரு, ஒரு பக்க வாயால. இத்தனை நாள் சர்க்கரை போட்டு சர்க்கரை போட்டுக் குடுத்தேன், இவங்களுக்கு வேண்டியிருந்தது இந்தக் கசப்புதான் போல. தெரிஞ்சிருந்தா எனக்கு எவ்வளவு மிச்சம்.

அதுல கடுப்பு என்ன தெரியுமா, அந்த அணில் இப்ப என்னை விட மாட்டேங்குது. இதோ பாருங்க, வந்துடுச்சு, ‘என்னை மறந்துவிட்டாயா’. இன்னைக்கு என்னைக் கேக்கறது அது ஒண்ணுதான். இருங்க, ஒரு பாடம் படிச்சுட்டு வந்துடறேன், அழும்... ‘யானை குடை வாங்குகிறது.’ பாத்தீங்களா, பச்சை கலர், பாஸ். நான் என்ன சொன்னேன்...

ஏம்மா? எங்க போனீங்க? ஐயையோ, மணியப் பாக்கலயே, டை காஞ்சே போயிருக்குமே. அது என்ன குழாய் சத்தம்... இருங்க, தனியா குனியாதீங்க, கண்ணுல இறங்கும், வந்துட்டேன். டவல் வேற இங்கயே இருக்கு. பாருங்களேன், நீங்களே போய் நீங்களே கழுவிக்கிட்டா, அப்புறம் நான் எதுக்கும்மா?