நடுவில் ஒரு தையல்

– மிஞ்சின சோப்புத் துண்டைப் புதுச் சோப்போட ஒட்ட வச்சா ஒட்டவே மாட்டேங்குதுங்க. வழுக்கிட்டுப் போய் வாளிக்குள்ள விழுது. உங்கம்மா என்னதான் பண்ணுவாங்க?

– ரெண்டையும் நல்லா நனைச்சு, அழுத்தி வச்சுட்டு, அன்னிக்குப் பூரா தொடக்கூடாது. உனக்குத்தான் பொறுமையே கிடையாதே.

– பொறுமையைப் பத்தி நீங்க பேசாதீங்க. மூணு வருஷமா போன்லயே குடும்பம் நடத்தறவ நான்.

– சரி விடு. எங்கம்மா பேஸ்ட் டியூபைக் கத்திரிக்கோலால பிளந்து வழிச்சப்ப விழுந்து விழுந்து சிரிச்சவதானே நீ? இப்ப என்ன திடீர்னு மாமியார் பாடம்?

– சிரிச்சேன்தான். அத்தை இருந்தா பக்கத்துல உக்காந்து கேட்டுக்குவேன். போய்ச் சேர்ந்துட்டாங்க. அதான் அவங்க பெத்த பிள்ளையைக் கேக்கறேன்.

– காசு பத்தலையா?

– பத்துதுங்க, மிச்சமே இருக்கு. அதைத்தான் சொல்ல வர்றேன். தெருமுனை கிரில் பட்டறைக்காரர் நேத்தும் கேட்டாரு. “வெல்டிங்குக்கு உன் வீட்டுக்காரர் மாதிரி கை அமையலம்மா”ன்னு.

– அவர் தர்றது இங்க வாங்கறதுல பாதி.

– பாதியில ஓட்டிப் பாத்துட்டேன். ரெண்டு மாசமா. உங்ககிட்ட சொல்லல.

– அடிப்பாவி! சாப்பிடறியா இல்லையா?

– நல்லாத்தான் சாப்பிடறேன். போன தடவை தச்ச ரவிக்கை இறுக்கிப் பிடிக்குது, போதுமா?

– விளையாடாத. கப்பல் பட்டறை மேஸ்திரி நாளைக்குப் பதில் கேட்டிருக்காரு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கறதுன்னா இரு, இல்லாட்டி கிளம்புங்கறாரு. அவனவன் வேலையில்லாம அலையறான். கையில இருக்கறதை விட்டுட்டு வர எனக்குத் துணிச்சல் வரல.

– உங்கப்பா வேலை பாத்த ஆலையையும்தான் மூடினாங்க. அவர் வெளியூர் போனாரா?

– பெட்டியெல்லாம் கட்டினாரு. அம்மா ராவோட ராவா துணியை எடுத்து வெளிய வச்சுட்டு, மளிகைச் சாமானை உள்ள அடுக்கிட்டா. “இனி இது மளிகைப் பெட்டி. போறவங்க வெறுங்கையோட போங்க”ன்னுட்டா.

– பாத்தீங்களா! அத்தை கஞ்சத்தனம் பண்ணலைங்க. ஆளைப் பிடிச்சு வச்சிருக்காங்க. எனக்குத்தான் அப்ப புரியல.

– சரி, புரியுது. வேற என்ன? சொல்லு.

– மெத்தை விரிப்பு நைஞ்சு கிழிஞ்சுடுச்சு. அத்தை ஏதோ வெட்டித் தைப்பாங்களே, அது எப்படி?

– அது சுலபம். ஒரே மெத்தையில நாங்க மூணு பிள்ளைங்க, ரெண்டு பக்கமும் அப்பா அம்மா. எல்லாரும் நடுவுலயே குவிஞ்சு கிடப்போம். அதனால விரிப்பு நடுவுலதான் நையும். நீளவாக்குல ரெண்டா வெட்டி, தேயாத ஓரம் ரெண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து தச்சுடுவா. பொத்தலானது ஓரத்துக்குப் போயிடும். நடுவுல ஒரு தையல் ஓடும், முதுகை உறுத்தும். இங்க ஒத்தைக் கட்டில்ல படுத்தா அந்த உறுத்தலுக்குக்கூட ஏக்கமா இருக்கு.

– கத்திரிக்கோல் கையில இருக்கு. நீளவாக்குல மடிச்சும் வச்சுட்டேன்.

– மடிப்பு மேலயே பொத்தல் வருதா? அதுலயே வெட்டு.

– வரலையே.

– பின்ன எங்க கிழிஞ்சிருக்கு?

– சுவரோரமா, என் பக்கம் மட்டும். உங்க பக்கம் கடையில வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்குங்க. நீங்க கிளம்பின வாரம் வாங்கினதுதானே இது.

– தலைமாடு கால்மாடா மாத்திப் போட்டிருக்கலாமே? நடுவுல உருண்டு படுத்திருக்கலாமே?

– மனசு வரல. அது உங்க இடம். சரி, இதை எங்க வெட்டறது, சொல்லுங்க. ஒரு பக்கம் மட்டும் நைஞ்சா என்ன பண்ணணும்? அத்தைக்கு இப்படி ஒண்ணு வந்திருக்கவே வந்திருக்காதே.

– கத்திரிக்கோலைக் கீழ வை.

– ஏங்க?

– வெட்டாத. நாளைக்கு மேஸ்திரிகிட்ட சொல்லிடறேன். அந்தப் பக்கத்தைத் தேய்க்க நான் வர்றேன்.