தங்கையின் காது

பெரியவர்களுக்கான சங்கீத வகுப்பில் முதலில் வலிப்பது முதுகுதான். எங்கள் வகுப்பு சாயங்காலங்களில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நடந்தது. பெஞ்சுகள் எல்லாம் ஆறு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துதான், நாற்பத்தாறு வயதில் நான் சுரம் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டேன். நீங்கள் என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அம்மா போனபோது அவள் சின்னப் பிள்ளை. அவளை ஆளாக்குவதிலேயே என் வயசு போயிற்று. பகலில் தராசு பழுதுபார்க்கும் கடையில் வேலை. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த வகுப்பு ஒன்றுதான். ஆசிரியர் பியானோவில் மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்துவார். வெளிச்சமாக ஒலித்தால் மேஜர். முகம் வாடினாற்போல் ஒலித்தால் மைனர். மைனரில் நடுச்சுரம் அரைச் சுரம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அது எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

அந்த மழையில்தான் ஒருநாள் தங்கை எனக்குக் குடை கொண்டுவந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆசிரியர் ஒரு சுரத்தை அழுத்தி, "இது என்ன?" என்றார். நாங்கள் திருதிருவென்று விழித்தோம். பின்னாலிருந்து விடை வந்தது. அடுத்ததற்கும் வந்தது. கொத்தாக அழுத்தியதற்கும் வந்தது.

"யாரும்மா அது? எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் இல்ல சார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகம் இருக்குல்ல? பாத்தா தெரிஞ்சிடுது."

மறுவாரமே அவளும் சேர்ந்தாள். நான்தான் சேரச் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தப்பு வரும்போதெல்லாம் ஆசிரியர், "வீட்லயே ஆள் இருக்கே, தங்கச்சிகிட்ட கேட்டுக்குங்க" என்பார். நல்ல மனிதர். வேண்டுமென்று சொன்னவர் இல்லை.

வீட்டுக் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு வசதி உண்டு. அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு மயிரிழை இறக்கினேன். சில நாள் கழித்து இன்னொரு மயிரிழை. இது தராசு வேலை கற்றுக்கொடுத்தது. முள் ஒரேயடியாக நகர்ந்தால் கடைக்காரன் சண்டைக்கு வருவான். சிறுகச் சிறுக நகர்ந்தால் தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவான்.

"அக்கா, இது கொஞ்சம் கீழ இருக்கோ?"

"எனக்குச் சரியாத்தான் கேக்குது. நேத்து ஒழுங்கா தூங்கினியா நீ?"

பயிற்சிக்கு நான் வாசிப்பேன், அவள் சொல்வாள். அவள் சரியாக மைனர் என்றால், இல்லை மேஜர் என்பேன். வகுப்பிலும் அவள் தயங்க ஆரம்பித்தாள். அந்தப் பியானோ சரியில்லை என்று ஒருநாள் சொன்னபோது மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வரும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தலையைக் கோதிவிட்டேன். அவள் அப்படிச் சாய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அப்புறம் கீபோர்டைத் தொடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

"வாசல்ல மணி அடிச்சுதா அக்கா?"

"இல்லையே."

அடித்தது. அவளோடு வேலை பார்த்த சிநேகிதி நெடுநேரம் நின்றுவிட்டுப் போனாள். காது டாக்டர் சோதித்துப் பார்த்துக் குறை ஒன்றும் இல்லை என்றார். அவளுக்கு அதுதான் பெரிய பயமாகிவிட்டது.

"காதுல கோளாறு இல்லைன்னா, அப்ப எனக்குப் பைத்தியமாக்கா?"

"அப்படியெல்லாம் சொல்லாதடி. நான் இருக்கேன்ல."

வேலையையும் வகுப்பையும் விட்டாள். தண்ணீர் சொட்டுகிறதா, பால் பொங்குகிறதா, எதையும் என்னைக் கேட்டுத்தான் நம்பினாள். நானும் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், ஒரு தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்ளமாட்டாள் என்பார்கள்.

வகுப்பில் எனக்குத் தேர்வு. துணைக்கு வருகிறேன் என்று அவளே கிளம்பினாள். திருப்பத்தில் சாலையைக் கடக்க ஒரு காலை இறக்கியவள், அப்படியே நின்றுவிட்டாள். மூலைக் கட்டடம் மறைத்ததால் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, ஹாரன் சத்தம் கேக்குதா?"

எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். லாரி வருவது எனக்கு நன்றாகவே கேட்டது.

"ஒண்ணும் கேக்கல. நீ போ" என்றேன்.

அவள் தன்னைத் தானே நொந்துகொண்டதுபோல் லேசாகச் சிரித்தாள். பிறகு நடந்தாள்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவள் நான். வேண்டுமானால் அந்த ஆசிரியரிடம் ஒன்று சொல்லுங்கள். லாரியின் ஹாரனில் மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலித்தன. மேஜர். யாரையும் கேட்காமல், கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.