சைரஸ் ராசாவும் கிணத்துக் கப்பியும்

கிளென் ஈடனில் ரயில் ஏறிய அக்காவும் தம்பியும் எனக்கு முன்சீற்றில் இருந்தார்கள். இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். ஊரில் ராணுவம் பிடித்து வைத்திருந்த அவர்களுடைய காணியை இத்தனை வருடம் கழித்து விட்டுவிட்டார்களாம். தம்பியின் போனில் அதன் படம் இருந்தது.

“சைரஸ் ராசாவும் இப்பிடித்தான் விட்டவன், அக்கா.”

“ஆரடாப்பா அது?”

“அந்தக் காலத்துப் பாரசீக ராசா. பென்ரோஸ் பக்கம் என்னோட வேலை செய்யிற ஈரான்காரன் சொன்னவன். பாபிலோனைப் பிடிச்ச உடன, அங்க சிறைகொண்டு வந்து வச்சிருந்த யூதச் சனத்தை, ஊருக்குப் போய்க் கோயிலைக் கட்டுங்கோ எண்டிட்டானாம். கொள்ளையடிச்ச கோயில் பாத்திரங்களையும் ஒண்டும் குறையாமல் திருப்பிக் குடுத்தவனாம்.”

“எங்கட கிணத்துக் கப்பியைத் தந்தவங்களோ?”

“எங்க தந்தவங்கள்? கிணறே தூர்ந்துபோய்க் கிடக்கு. பொங்கலுக்கு முதல் போய் இறைக்க வேணும். ரெண்டு பேருக்கும் பிளேன் டிக்கெட் பாக்கட்டோ?”

அக்கா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சனம் எல்லாம் திரும்பிப் போனதோ?”

“இல்லையாம். வீடு வாசல், பேரப்பிள்ளையள் எண்டு கனபேர் பாபிலோனிலேயே நிண்டிட்டினமாம். ஆனா, போனவைக்குச் சாமான் குடுத்து விட்டவையாம்.”

நியூ லின் வந்தது. அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்க எழுந்தார்.

“அப்ப, கப்பியை நான் வாங்கித் தாறன்.”