ஆர்லீனின் மஞ்சள் கொடி

அரிசோனா பாலைவனத்தில் இதுவரை வண்டி நிறுத்தியவர்களில் என்னைவிட நல்ல அண்டை வீட்டுக்காரன் கிடையாது. இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். என் ஜெனரேட்டர் சத்தம் யார் காதிலும் விழுந்ததில்லை. உப்புக்கோ தண்ணீருக்கோ யார் கதவிலும் நான் போய் நின்றதில்லை.

எனக்கு இருநூறு அடி தள்ளி ஆர்லீனின் வேன். எழுபத்தோரு வயது, தனி ஆள். தனியாக வண்டியில் வாழ்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலை ஒன்பது மணிக்குள் வண்டியின் பின்பக்க ஏணியில் கொடி ஏற்ற வேண்டும். மாலையில் இறக்க வேண்டும். கொடி ஏறினால் ஆள் நலம், கதவைத் தட்டாதே என்று பொருள். ஏறாவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். ஓடைப் பள்ளத்துக்கு அப்பால் இருந்த டெல்பர்ட் தினமும் பைனாகுலரில் ஒவ்வொரு கொடியாகப் பார்ப்பார்.

எனக்கு இது சிரிப்பாக இருக்கும். “என்ன ஆர்லீன், இன்னிக்கு ஸ்கூல் பிரேயர் முடிஞ்சுதா?” என்பேன்.

“முடிஞ்சுது. நீ மட்டும்தான் ஆப்சென்ட். ஒரு நாள் உள்ளயே செத்துக் கெடப்ப, கழுகு வந்து அட்டென்டன்ஸ் எடுக்கும்.”

அரசு நிலத்தில் ஓரிடத்தில் பதினான்கு நாள் இலவசமாகத் தங்கலாம். எனக்கு அது நாற்பத்து மூன்றாவது நாள். கியர்பாக்ஸ் உடைந்திருந்தது. ரேஞ்சர் பார்த்தால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார். வண்டி என்று சொல்கிறேன்; என் கட்டில், அடுப்பு, கூரை எல்லாம் அதுதான். விஷயம் ஆர்லீனுக்கு மட்டும் தெரியும்.

“டெல்பர்ட் முப்பது வருஷம் மெக்கானிக்கா இருந்தவன். வாயத் திறந்து கேளேன்யா.”

“இந்த இடம் பிடிச்சிருக்கு. அதான் இருக்கேன்.”

“ஆமா, வண்டிக்கும் ரொம்பப் பிடிச்சிருச்சு போல. நகர மாட்டேங்குது.”

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பதாகியும் அவர் கொடி ஏறவில்லை. போனேன். கதவு உட்புறமாகப் பூட்டியிருந்தது. தட்டினேன்.

“வாலஸா? விழுந்துட்டேன். இடுப்பு போச்சுன்னு நினைக்கிறேன். டெல்பர்ட்கிட்ட சொல்லு.”

“சொல்றேன். அசையாம இருங்க.”

சொல்லத்தான் நினைத்தேன். அங்கே கைபேசி சிக்னல் கிடையாது. அதற்காகத்தானே எல்லோரும் வருகிறோம். டெல்பர்ட்டிடம் சாட்டிலைட் ஃபோன் இருந்தது. ஆனால் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட ரேஞ்சர் முன்னால் வருவார். வந்ததும் கண்ணில் படுவது என் வண்டி. கொஞ்சம் யோசிக்க அவகாசம் தேவைப்பட்டது. அதுவரை டெல்பர்ட் பதற வேண்டாமே என்று ஆர்லீனின் கொடியை நானே ஏற்றினேன்.

யோசித்ததில் நியாயமான ஒரு வழி கிடைத்தது. முதலில் கியர்பாக்ஸைச் சரிசெய்து வண்டியை நகர்த்துவது, பிறகு ஆளைக் கூப்பிடுவது. நான் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பகல் முழுவதும் என் வண்டிக்கு அடியில் கிடந்தேன். நடுவில் எழுந்துபோய் அவருடைய ஜன்னல் இடுக்கில் தண்ணீர் பாட்டில் வைத்தேன்.

“எட்டலயே, வாலஸ்.”

“மெதுவா முயற்சி பண்ணுங்க.”

மாலையில் கொடியை இறக்கினேன்.

புதன்கிழமையும் ஏற்றினேன். வெயில் நூற்றுப் பத்து டிகிரியைத் தொட்டது. உள்ளேயிருந்து கரண்டியால் தரையைத் தட்டும் சத்தம் வந்துகொண்டேயிருந்தது. கேட்க மனம் தாங்கவில்லை. ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

மத்தியானம் டெல்பர்ட் என் வண்டிவரை நடந்து வந்தார்.

“ஆர்லீன வெளிய காணோமே?”

“கொடி ஏறியிருக்கா இல்லையா?”

“ஏறியிருக்கு.”

“அப்புறம் என்ன?”

“அதுவும் சரிதான். நீ என்ன, வண்டிக்கடியில மல்லாந்து கெடக்க? கை குடுக்கட்டுமா?”

“வேணாம். சும்மா துடைக்கிறேன்.”

முப்பது வருஷ அனுபவம் மணலில் திரும்பி நடந்து போவதை அடியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு ஸ்பேனரைத் திருகினேன். போல்ட் ஒன்றும் அசையவில்லை.

வியாழக்கிழமை காலை கரண்டிச் சத்தம் இல்லை. கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஜன்னலில் பாட்டில் வைத்தபடியே இருந்தது.

மூன்று நாளும் கொடியை ஏற்றியது நான்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அக்கறை இல்லாதவன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். வியாழனன்று அவர் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று, அரைமணி நேரம் பொறுத்துத்தான் ஏற்றினேன்.